மத்தியதரைக் கடலில் ஒரே ஒரு தீவுக்குத்தான் போக முடியும் என்றால் எங்கே போகலாம்?

பழைய இடிபாடுகளும் பிடிக்கும், பழைய கடற்கரை ஊர்களும் பிடிக்கும், ஆனால் ஒரு தீவுக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் சொல்வேன்: சிசிலி.

கிரீட், மால்டா, சைப்ரஸ் எல்லாமே நல்ல இடங்கள்தான். ஆனால் ஒரு கிரேக்கக் கோயில் வெறும் பாறையாக இருந்த நிலையிலிருந்து இன்றும் உள்ளே பூசை நடக்கிற நிலை வரை, அதன் வாழ்க்கை முழுவதையும் சிசிலியில்தான் நேரில் பார்க்க முடிகிறது. அதற்குப் பயணத்தை மேற்கிலிருந்து கிழக்காக வைத்துக்கொள்ளுங்கள். பலெர்மோவில் வந்து இறங்குங்கள், கத்தானியாவில் ஊர் திரும்ப விமானம் ஏறுங்கள். எல்லாரும் முதலில் ஓடுகிற அக்ரிஜென்டோவுக்கு நான்காவதாகப் போனால் போதும்.

முதலில் காவே டி கூசா. கம்போபெல்லோ என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், ஒலிவ மரங்களுக்கு நடுவே கிடக்கும் பழைய கல்குவாரி. செலினுன்டே என்ற பழைய கிரேக்க நகரத்தில் கட்டிக்கொண்டிருந்த மாபெரும் கோயிலுக்கு இங்கிருந்துதான் தூண்கள் போயின. தூண் ஒரே கல் இல்லை. உருளை உருளையாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். ஒவ்வோர் உருளையும் ஏறக்குறைய மூன்று மீட்டர் விட்டம். மரத்தைச் சுற்றிப் பாத்தி வெட்டுவது போலப் பாறையில் வட்டமாகப் பள்ளம் தோண்டி, நடுவில் உருளையை நிற்க வைத்திருக்கிறார்கள். பள்ளத்தின் அகலம் ஓர் ஆள் நின்று உளி பிடிக்கும் அளவுதான். உள்ளே இறங்கி நின்றால் உளி பட்ட கோடுகள் சாய்வாக, வரிசையாக, கண்ணுக்கு நேரே தெரியும். அடிப்பகுதி இன்னும் பாறையோடு ஒட்டியே இருக்கிறது. கி.மு. 409-ல் வட ஆப்பிரிக்காவிலிருந்த கார்த்தேஜ் நகர அரசின் படை செலினுன்டேயை அழித்தபோது வேலை அப்படியே நின்றது. வெட்டி எடுத்த சில உருளைகள் கோயிலுக்குப் போகும் வழியிலேயே தங்கிவிட்டன. சிசிலியில் ஓர் இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். பெரும்பாலும் கூட்டம் இருக்காது. பேருந்தை நம்பிப் போக முடியாத இடம் என்பதால் வாடகைக் கார் அவசியம்.

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் செலினுன்டே, கடலைப் பார்த்த மேட்டில். ஒரு கோயிலை 1950களில் மீண்டும் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். குவாரியில் பார்த்த உருளைகள் எந்தக் கோயிலுக்காக வெட்டப்பட்டனவோ, அது பக்கத்திலேயே ஒரு கல்மலையாகச் சரிந்து கிடக்கிறது. குவாரியைப் பார்த்துவிட்டு வந்தால்தான் இந்தக் குவியலின் அளவு மனதில் ஏறும். இங்கிருந்த சிற்பப் பலகைகள் பலெர்மோ தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பலெர்மோவில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

செலினுன்டேக்குப் பகையாக இருந்த ஊர் செஜெஸ்டா. அங்கிருந்தவர்கள் கிரேக்கர்கள் இல்லை, எலிமியர்கள் என்ற பழங்குடி மக்கள். ஆனாலும் கிரேக்க பாணியிலேயே ஒரு கோயில் எழுப்பத் தொடங்கினார்கள். 36 தூண்களும் நிற்கின்றன. கருவறையும் கூரையும் இல்லை. கிரேக்கத் தூண்களில் வழக்கமாக இருக்கும் நீளவாட்டுப் பள்ளங்களும் இன்னும் செதுக்கப்படவில்லை. படிக்கற்களைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். கயிறு கட்டித் தூக்குவதற்காக விட்ட கல் குமிழ்கள் அப்படியே துருத்திக்கொண்டிருக்கும். வேலை முடிந்திருந்தால் கடைசியில் செதுக்கி எடுத்திருப்பார்கள்.

இந்த ஊர்ச் சண்டைதான் தீவின் தலையெழுத்தையே மாற்றியது. செலினுன்டேக்கு எதிராகச் செஜெஸ்டா ஏதென்ஸை உதவிக்கு அழைத்தது. தங்களிடம் செல்வம் குவிந்து கிடக்கிறது என்று காட்ட, அக்கம்பக்கத்து ஊர்களில் பொன், வெள்ளிப் பாத்திரங்களை இரவல் வாங்கி, அதையே வீடு வீடாக மாற்றி வைத்து ஏதென்ஸ் தூதர்களுக்கு விருந்து வைத்தார்கள் என்று அந்தக் காலத்து கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். கி.மு. 415-ல் ஏதென்ஸ் கடற்படை வந்தது; சிராகூசா நகரத்தோடு மோதி 413-ல் அடியோடு அழிந்தது. அடுத்து செஜெஸ்டா கார்த்தேஜை அழைத்தது. அதன் விளைவுதான் நீங்கள் குவாரியில் பார்த்த அந்த அரைகுறை வேலை.

அப்புறம் அக்ரிஜென்டோ. கோயில்கள் வரிசையாக நிற்கும் அந்த முகட்டைப் பற்றிப் படங்களிலேயே நிறையப் பார்த்திருப்பீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கன்கார்டியா கோயில் ஏறக்குறைய முழுதாக நிற்கிறது. சற்றுத் தள்ளி, அதைவிடப் பல மடங்கு பெரிய சீயஸ் கோயில் தரைமட்டம். கன்கார்டியாவை ஆறாம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் கிறிஸ்தவ ஆலயமாக மாற்றினார்கள். அதற்காகக் கருவறைச் சுவர்களில் வெட்டிய வளைவுகள் இன்றும் தெரிகின்றன. ஆட்கள் புழங்கினார்கள், பராமரித்தார்கள், கோயில் நின்றது. சீயஸ் கோயிலுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. விழுந்த கற்களை 18ஆம் நூற்றாண்டில் பக்கத்துத் துறைமுகம் கட்டக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு அது மனதைப் பிசைகிற இடம்.

தூண்களை நெருங்கிப் பார்த்தால் கல்லுக்குள் சிப்பிகள் பதிந்திருப்பது தெரியும். கடலடியில் உருவான மென்மையான கல் அது. அந்தக் காலத்தில் இதன்மேல் வெள்ளைச் சுதை பூசி, மேற்பகுதிகளுக்கு வண்ணமும் தீட்டியிருந்தார்கள். இன்று நாம் ரசிக்கும் தேன் நிறம், பூச்சு உதிர்ந்த பிறகு வந்தது.

கடைசியாக சிராகூசா. உங்கள் நாட்களில் பெரும்பகுதியை இங்கே செலவிடுங்கள். பழைய ஊர் ஓர்டிஜியா என்ற சின்னத் தீவில் இருக்கிறது. பாலம் வழியாக நடந்தே போகலாம். அதன் நடுவிலுள்ள பேராலயத்தின் முகப்பு 18ஆம் நூற்றாண்டு பரோக் பாணி. முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். இடது பக்கத்துத் தெருவுக்குப் போய்ச் சுவரைப் பாருங்கள். டோரிக் என்ற பழைய கிரேக்க பாணியில் தடித்த தூண்கள் சுவருக்குள் புதைந்து நிற்கின்றன. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் அதீனா தெய்வத்துக்குக் கட்டிய கோயில் அது. ஏழாம் நூற்றாண்டில் தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி, கருவறைச் சுவரில் வளைவுகள் வெட்டி ஆலயமாக்கினார்கள். 878-ல் அரேபியர்கள் நகரத்தைப் பிடித்த பிறகு மசூதியாக இருந்தது. கிறிஸ்தவர்களான நார்மன்கள் வந்ததும் திரும்ப ஆலயம். 1693 நிலநடுக்கம் முகப்பை வீழ்த்தியது, தூண்கள் தாங்கின. உள்ளே போய் அந்தத் தூண் ஒன்றின்மேல் கை வையுங்கள். குவாரியில் பாறையோடு ஒட்டிக்கொண்டிருந்த உருளை, வேலை முடிந்திருந்தால் இப்படித்தான் ஆகியிருக்கும்.

நகரின் மறுபக்கம் கல்குவாரிகள் இருக்கின்றன. தோற்ற ஏதென்ஸ் வீரர்கள் ஏறக்குறைய ஏழாயிரம் பேரைச் சிராகூசாவின் குவாரிகளில்தான் வெயிலிலும் பனியிலும் அடைத்து வைத்தார்கள். ஏதென்ஸ் நாடக ஆசிரியர் யூரிப்பிடீஸின் வரிகளை மனப்பாடமாகச் சொன்ன சிலருக்கு விடுதலை கிடைத்தது என்று பிற்கால கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதுகிறார். அதே வளாகத்தில் கிரேக்க நாடக அரங்கம். 1914-ல் இங்கே பழைய கிரேக்க நாடகங்களை மறுபடி மேடையேற்றத் தொடங்கினார்கள். இப்போது ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் தொடங்கி கோடை வரை நடக்கும். நாடகம் இத்தாலிய மொழியில். கதையை முன்கூட்டியே படித்துவிட்டுப் போனால் மொழி தடையாகத் தெரியாது.

நடைமுறை விஷயங்கள் கொஞ்சம். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்கள் நல்லவை. ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். சென்னை வெயிலே பழகிவிட்டது என்று தைரியப்படாதீர்கள். 2021 ஆகஸ்டில் சிராகூசா பக்கம் 48.8 டிகிரி பதிவானது, ஐரோப்பாவிலேயே அதிகம். இடிபாடுகளில் நிழலும் கிடையாது. மதியம் கடைகள் பல மூடிவிடும், சாப்பாட்டை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பலெர்மோ தெருக்களில் கடலை மாவில் செய்து பொரிக்கும் பனெல்லே, கத்தரிக்காய் போட்ட நோர்மா பாஸ்தா, காலையில் கிரனீட்டா என்ற பாதாம் பனிக்கூழும் பிரியோஷ் ரொட்டியும் எங்கும் கிடைக்கும்.

ஓர்டிஜியாவுக்குள் வெளியூர்க் கார்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. கேமரா படம் பிடித்து அபராதம் வீட்டுக்கே வந்துவிடும். பாலத்துக்கு முன்பே காரை நிறுத்திவிட்டு, அறையை உள்ளே எடுங்கள். நாட்கள் போதவில்லை என்றால் தாவோர்மினாவை விட்டுவிடுங்கள். அழகான ஊர்தான், ஆனால் அந்த ஒரு நாளைக் காவே டி கூசாவுக்கும் செலினுன்டேக்கும் கொடுத்தால் மற்ற எல்லா இடமும் தெளிவாகப் புரியும்.