12ஏஎக்ஸ்7 எடுத்து 12ஏயூ7 போட்டதும் பேஸ் எங்கே போனது?

கேள்வி: பழைய பாணியில் கட்டிய ஸ்டீரியோ வால்வு (வெற்றிடக் குழாய்) பிரீஆம்ப் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7. ஒரு பாதி இடது சேனலுக்கு, மறு பாதி வலதுக்கு. வால்வின் வெளியீட்டு முனையான பிளேட்டில் 100 கிலோ ஓம், எலெக்ட்ரான் கிளம்பும் கேதோடில் 1.5 கிலோ ஓம், அதற்கு இணையாக 22 மைக்ரோஃபாரட், வெளியீட்டில் 0.1 மைக்ரோஃபாரட். உள்ளீட்டில் 100 கிலோ ஓம் வால்யூம். ஹெச்.டி., அதாவது வால்வுக்குத் தரும் உயர் டிசி மின்னழுத்தம், 250 வோல்ட். டிஜிட்டல் பிளேயரை இணைத்து வால்யூமைத் தொட்டாலே காது கிழிகிறது. அந்த ஆரம்ப இடத்தில் இரண்டு பக்கமும் சமமாகவும் இல்லை. பின்னணியில் மெல்லிய ஹம் (ரீங்காரம்). 12ஏயூ7 மாட்டினேன். சத்தம் அடங்கியது, பேஸும் சேர்ந்து போய்விட்டது. பவர் ஆம்ப் டிரான்சிஸ்டர் வகை, உள்ளீடு 10 கிலோ ஓம். வெளியீட்டில் உள்ள அந்தக் கப்ளிங் கெப்பாசிட்டரை உயர்ரகமாகப் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. உங்களுக்குத் தேவை கெப்பாசிட்டரின் தரமல்ல, அளவு. அதைவிட முக்கியம், வால்வை மட்டும் மாற்றிவிட்டு அதைச் சுற்றியுள்ள ரெசிஸ்டர்களை அப்படியே விட்டிருக்கிறீர்கள். இரண்டு வால்வுக்கும் பின் அமைப்பும் கேதோடைச் சூடாக்கும் ஹீட்டரும் ஒன்றே என்பதால் மாட்டியதும் பாடும். ஆனால் சரியான இடத்தில் நின்று பாடாது.

கணக்கைப் பார்ப்போம். 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கக் காரணி 100, உள் எதிர்ப்பு சுமார் 62 கிலோ ஓம். உங்கள் சர்க்யூட்டில் கெயின் (பெருக்கம்) 60 சொச்சம், வெளியீட்டு எதிர்ப்பு 38 கிலோ ஓம். அதை 10 கிலோ ஓம் பவர் ஆம்ப் இழுத்துப் பிடிப்பதால் மிஞ்சுவது 13 மடங்கு. பிளேயர் தருவது 2 வோல்ட். பெரும்பாலான பவர் ஆம்புகளுக்கு ஒன்று, ஒன்றரை வோல்ட் கிடைத்தாலே முழுச் சத்தம். அதாவது கெயினே தேவையில்லாத இடத்தில் 13 மடங்கு வைத்திருக்கிறீர்கள். கால் வோல்ட், அரை வோல்ட் தரும் டியூனருக்கும் டேப் டெக்குக்கும் போட்ட கணக்கு அது. லாக் வகை வால்யூம் கண்ட்ரோலின் இரண்டு தடங்களும் ஒன்றுக்கொன்று அதிகம் விலகுவது ஆரம்பத்தில்தான். நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்த இடத்திலேயே.

இனி பேஸ். கெப்பாசிட்டர் எந்த அதிர்வெண்ணில் வெட்டத் தொடங்கும் என்பதை, அதற்கு முன்னால் உள்ள எதிர்ப்பும் பின்னால் உள்ள எதிர்ப்பும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். பழைய வால்வில் 38-உம் 10-உம் சேர்ந்து 48 கிலோ ஓம், 0.1 மைக்ரோஃபாரட்டுடன் 33 ஹெர்ட்ஸ். ஓரளவு தப்பித்தீர்கள். 12ஏயூ7-இன் வெளியீட்டு எதிர்ப்பு அதே இடத்தில் ஏறக்குறைய 13 கிலோ ஓம். கூட்டினால் 23, வெட்டு 70 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிட்டது. எதிர்ப்பு குறைந்தது நல்ல விஷயம்தான், அதுவே பேஸைத் தின்றுவிட்டது.

அந்த வால்வு எப்படி நிற்கிறது என்பதையும் மீட்டரில் பாருங்கள். 250 வோல்ட் ஹெச்.டி.யில் 12ஏயூ7-இன் பிளேட் சுமார் 75 வோல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியர்கூட இல்லை. அது 5, 10 மில்லி ஆம்பியரில் வேலை செய்யப் பிறந்த வால்வு.

சரியாகச் செய்ய: பிளேட் ரெசிஸ்டர் 22 கிலோ ஓம், 2 வாட். கேதோடு ரெசிஸ்டர் 1 கிலோ ஓம், அரை வாட். கேதோடுக்கு இணையான 22 மைக்ரோஃபாரட்டைக் கழற்றிவிடுங்கள். வெளியீட்டில் 1 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் பாலிப்ராப்பிலீன். அதற்குப் பின்னால் எர்த்துக்கு 470 கிலோ ஓம். வால்யூமுக்கு முன்னால் ஒவ்வொரு சேனலிலும் 100 கிலோ ஓம் தொடர் ரெசிஸ்டர். சிக்னல் நுழையும் கிரிட் பின்னை ஒட்டியே 1 கிலோ ஓம்; நீண்ட கம்பிக்கு அப்பால் போட்டால் ரேடியோ குறுக்கீட்டைத் தடுக்க அது உதவாது.

இதில் பிளேட்டு வழியே சுமார் 5 மில்லி ஆம்பியர் ஓடும், பிளேட் 140 வோல்ட்டில் நிற்கும், கேதோடில் 5 வோல்ட் கிடைக்கும். பவர் ஆம்பை இணைத்த நிலையில் கெயின் மூன்றரை மடங்கு. தொடர் ரெசிஸ்டர் அதையும் பாதியாக்கும். வெளியீட்டு எதிர்ப்பு 12 கிலோ ஓம், பேஸ் வெட்டு 7 ஹெர்ட்ஸ். வால்யூம் குமிழ் இனி நடுப்பகுதிக்கு வரும்.

பைபாஸ் கெப்பாசிட்டரை, அதாவது கேதோடுக்கு இணையான அந்த 22 மைக்ரோஃபாரட்டைக், கழற்றினால் 'உயிர் போய்விடும்' என்று சொல்வார்கள். கெயின் குறைவதால் சத்தம் குறையும். குறைந்த சத்தம் காதுக்கு மந்தமாகத்தான் கேட்கும். ஒப்பிடும்போது 400 ஹெர்ட்ஸ் சைன் அலை கொடுத்து, இரண்டு நிலையிலும் ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட்டை ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் சமன் செய்தபின் கேளுங்கள். 1,000 ஹெர்ட்ஸ் வேண்டாம். சாதாரண மல்டிமீட்டர்கள் பல அந்த உயரத்தில் நம்பும்படி அளப்பதில்லை.

அடுத்து மின்வழங்கி. இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். முன்பு இரண்டு பாதிக்கும் சேர்த்து 2 மில்லி ஆம்பியர்; இனி 10. ஹெச்.டி. பாதையில் ஃபில்டர் ரெசிஸ்டர் 10 கிலோ ஓம் என்றால் அதில் 20 வோல்ட் விழுந்தது, இனி 100 விழும். கணக்கெல்லாம் கவிழும். அதை 2.2 கிலோ ஓம், 2 வாட் ஆக்குங்கள். வீழ்ச்சி 22 வோல்ட். அலைவு (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) வடிகட்டுதல் குறையாமலிருக்க, பின்னால் உள்ள 22 மைக்ரோஃபாரட்டை 100 ஆக்க வேண்டும், குறைந்தது 400 வோல்ட் தாங்கக்கூடியதாக. ஹீட்டர் சூடாகும் வரை வால்வு மின்னோட்டம் எடுக்காது. அந்தச் சில வினாடிகள் எல்லாக் கெப்பாசிட்டர்களும் சுமையில்லாத முழு மின்னழுத்தத்தைத் தாங்கியாக வேண்டும். 300 வோல்ட் கெப்பாசிட்டர் இங்கேதான் வெடிக்கும்.

கை வைக்கும் முன் ஒன்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இந்த மின்வழங்கி கொல்லும். 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் காப்பிட்ட கிளிப் வைத்து, ஒன்றை சேசிஸில் மாட்டி, மற்றதை ஒரே கையால் ஒவ்வொரு பெரிய கெப்பாசிட்டரின் பிளஸ் முனையிலும் சில வினாடிகள் பிடியுங்கள். மீட்டர் 10 வோல்ட்டுக்குக் கீழே காட்டும் வரை உள்ளே விரல் போகக் கூடாது. ஹெச்.டி.க்கு இணையாக 220 கிலோ ஓம் 2 வாட் ரெசிஸ்டரை நிரந்தரமாகப் போட்டுவிட்டால் இரண்டு நிமிடத்தில் தானே வடிந்துவிடும். ஆனால் அதை நம்பி மீட்டரைத் தவிர்க்காதீர்கள். ஹம் போகிறதே என்று மூன்று பின் பிளக்கின் எர்த்தைக் கழற்றுவது கூடவே கூடாது.

ஹம் எங்கிருந்து என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். வால்யூமைப் பூஜ்யத்தில் வையுங்கள். மறைந்தால் உள்ளீட்டு கேபிளோ எர்த் லூப்போ (எர்த் இரண்டு வழியில் இணைந்து உருவாகும் வளையம்). அப்படியே நின்றால் தொனியைக் கவனியுங்கள்: மென்மையான, ஆழ்ந்த 50 ஹெர்ட்ஸ் என்றால் பெரும்பாலும் ஹீட்டர், கரகரவென்ற 100 ஹெர்ட்ஸ் என்றால் ஹெச்.டி. அலைவு, மேலே சொன்ன ஃபில்டர் அதைக் கவனித்துக்கொள்ளும். சந்தேகம் தீர, ஹீட்டரை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து முழுதாகப் பிரித்து, 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்: பின் 4-உம் 5-உம் சேர்ந்து ஒரு முனை, பின் 9 மறுமுனை, 300 மில்லி ஆம்பியர். பேட்டரியின் மைனஸை எர்த்தில் இணையுங்கள். ஹம் போய்விட்டால் குற்றவாளி ஹீட்டர்தான்.

அதற்கு மருந்து மலிவு. ஹீட்டர் கம்பி இரண்டையும் இறுக முறுக்கி சேசிஸின் மூலையோரமாகக் கொண்டுபோங்கள். இரு கம்பியிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றொன்று எடுத்து ஒரு புள்ளியில் சேருங்கள். அந்தப் புள்ளியை எர்த்தில் கொடுக்காமல், ஹெச்.டி.யிலிருந்து 220 கிலோ ஓமும் 47 கிலோ ஓமும் போட்டுப் பிரித்த 44 வோல்ட்டில் இணையுங்கள். 47 கிலோ ஓமுக்கு இணையாக 22 மைக்ரோஃபாரட், 100 வோல்ட். ஹீட்டர் கேதோடைவிட மேலே நிற்பதால் ஹீட்டரிலிருந்து எலெக்ட்ரான் கேதோடுக்குக் கசிவது நின்றுவிடும். டிரான்ஸ்ஃபார்மரின் ஹீட்டர் சுற்றில் ஏற்கெனவே ஒரு முனையோ நடுமுனையோ எர்த்தில் இருந்தால் அதை முதலில் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த 44 வோல்ட் எர்த்தோடு சேர்ந்து காணாமல் போகும்.

வேறு வால்வுகளையும் சோதிக்க ஆசை வரும். 12ஏடி7-க்கு வேறு ரெசிஸ்டர் கணக்கு தேவை; பின் அமைப்பு ஒன்றுதான், மாட்டினால் எரியாது. இசிசி88, அதாவது 6டிஜே8, அப்படியல்ல. அதன் ஹீட்டர் பின் 4-க்கும் 5-க்கும் இடையே 6.3 வோல்ட், பின் 9 வெறும் கவசம். உங்கள் சாக்கெட் 12.6 வோல்ட்டுக்குக் கம்பியிட்டதாக இருந்தால் ஹீட்டர் இரட்டை மின்னழுத்தத்தில் எரிந்துபோகும், 6.3 வோல்ட் இணைப்பாக இருந்தால் 4-உம் 5-உம் ஒட்டியிருப்பதால் சூடே ஆகாது. பிளேட்டும் 130 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாத வகை.

வேலையை ஒரு சேனலில் மட்டும் முதலில் முடியுங்கள். மறு பாதி ஒப்பிட அப்படியே கிடக்கட்டும். ஃபில்டரை மட்டும் கடைசியில் மாற்றினால் போதும், அதுவரை வோல்ட் சற்றுக் குறைவாகத்தான் காட்டும். முடித்ததும் கேதோடு வோல்ட்டை கேதோடு ரெசிஸ்டரால் வகுத்தால் மின்னோட்டம் கிடைத்துவிடும். பிளேட் வோல்ட் ஹெச்.டி.க்குச் சமமாக இருந்தால் வால்வு கடத்தவில்லை: ஹீட்டரையும் கேதோடு சால்டரையும் பாருங்கள். பிளேட் மிகத் தாழ்ந்து, கேதோடு உயர்ந்திருந்தால் கிரிட்டுக்கு எங்கிருந்தோ டிசி கசிகிறது. வெளியீட்டுக் கெப்பாசிட்டரையும் விடாதீர்கள்: பவர் ஆம்பையும் 470 கிலோ ஓமையும் பிரித்து, வெளி முனையில் டிசி அளவிடுங்கள். முதலில் பெரிய எண் காட்டி மெல்ல இறங்கும், ஒரு நிமிடம் பொறுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் நிலையாக நின்றால் அது கசிகிறது, வேறு போடுங்கள்.

1 மைக்ரோஃபாரட் ஆன பிறகு ஆன் செய்யும்போது 'தொப்' என்ற அடி முன்பைவிடப் பெரிதாக இருக்கும். பிரீஆம்பை முதலில் போட்டு ஒரு நிமிடம் கழித்துப் பவர் ஆம்ப். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில்.