மெதுவா மிதிக்கிறவங்க முன்னாடி போகட்டும்

கேள்வி: எனக்கு 47 வயசு, ஸ்ரீரங்கத்துல இருக்கோம். பையன் வேலை கிடைச்சு வெளியூர் போயிட்டான். எங்க வீட்டுக்காரர் மூணு வருஷமா காலைல சைக்கிளிங் போறார், நல்லா ஓட்டுவார். 1930-ல உப்பு சத்தியாகிரகத்துக்கு ராஜாஜி நடந்து போன வழியில நாம ரெண்டு பேரும் வேதாரண்யம் வரைக்கும் சைக்கிள்ல போகணும்னு இப்ப அவருக்கு ஒரு ஆசை. மூணு நாள்ல போயிடலாம்ங்கறார். நான் மார்க்கெட்டுக்குப் போற லேடீஸ் சைக்கிளத் தவிர வேற எதுவும் ஓட்டுனதில்ல. மாமியாரும் நாத்தனாரும் சிரிக்கிறாங்க. எனக்கும் ஆசையாத்தான் இருக்கு, ஆனா அவருக்குப் பாரமா ஆயிடுவேனோ, வழியில சண்டை வந்துடுமோன்னு பயமா இருக்கு. போகலாமா? – ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, கண்டிப்பா போங்க. ஆனா மூணு நாள்ல வேண்டாம். ராஜாஜியோட போனவங்க ஏப்ரல் 13-ந்தேதி திருச்சியில கிளம்பி 28-ந்தேதிதான் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தாங்க, 150 மைல், அதாவது ஏறக்குறைய 240 கிலோமீட்டர், அதை மூணு நாள்ல முடிக்கணும்னா தினம் 80 வருது. உங்க வீட்டுக்காரருக்கு அது ஒரு காலை வேலை, உங்களுக்கு அது தண்டனை. அஞ்சு நாள் மிதிக்கவும், நடுவுல கும்பகோணத்துல ஒரு நாள் காலை நீட்டி உக்காரவும், முடியாமப் போனா இருக்கட்டும்னு ஒரு நாளும் வெச்சு ஏழு நாள்னு போடுங்க.

நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரு தை மாசம் இதே டெல்டாவுல சைக்கிள்ல சுத்தியிருக்கோம், அதனால சண்டையப் பத்தி நீங்க எழுதினதுக்குத்தான் முதல்ல பதில் சொல்லணும்னு தோணுது. சண்டை வரும். அது எங்கேர்ந்து வரும்னு மட்டும் முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. எங்களுக்கு ரெண்டாவது நாள் வந்துச்சு. அவர் வேகமா போயிட்டே இருப்பார், ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளி ஒரு டீக்கடையில எனக்காக நிப்பார், நான் மூச்சு வாங்கிக்கிட்டு போய் ஸ்டாண்ட் போடறப்ப அவர் டீயக் குடிச்சு முடிச்சு டம்ளர பெஞ்சுல வெச்சிட்டு எழுந்து நின்னு, போலாமான்னு கேப்பார். அவர் பாசமாத்தான் கேக்கறார், காத்திருந்ததே பெரிய விஷயம்னு நெனச்சுக்கிட்டு. ஆனா யோசிச்சுப் பாருங்க, அவருக்கு ஒவ்வொரு கடையிலயும் பத்து நிமிஷம் ஓய்வு, எனக்கு காலைலேர்ந்து ஒரு நிமிஷம்கூட இல்ல, மெதுவா ஓட்டறவங்களுக்குத்தான் ஓய்வு வேணும், கிடைக்கறதோ வேகமா ஓட்டறவங்களுக்கு. அன்னிக்கு நான் அந்த பெஞ்சுல உக்காந்து அழுதுட்டேன், டீக்கடைக்கார அம்மா எதுவும் கேக்காம தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க.

மறுநாள்லேர்ந்து நான் முன்னாடி, அவர் பின்னாடி. அவ்வளவுதான் மாத்தினோம், மொத்தப் பயணமும் மாறிடுச்சு. என் வேகம்தான் எங்க வேகம்னு ஆச்சு, பின்னாடி வர்ற பஸ்ஸ அவர் பார்த்துக்குவார், குரல் குடுப்பார், எங்க நிக்கணும்னு நான் முடிவு பண்ணுவேன். மணிக்கு 12 கிலோமீட்டர் போனோம், அது போதும். பாரம்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கீங்களே, அது பின்னாடி போறவங்களுக்கு மட்டும்தான் தோணும் தங்கச்சி, முன்னாடி போனா தோணாது.

இப்ப வழி. நாலுவழிச் சாலையில தஞ்சாவூர் போகாதீங்க, லாரிக்கு நடுவுல பேசக்கூட முடியாது. கல்லணை போய் அங்கேர்ந்து காவிரிக் கரையோரமா திருக்காட்டுப்பள்ளி, திருவையாறுன்னு போங்க, முதல் நாள் கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர், இருக்கறதுலயே நீளமான நாள் அதுதான். அப்புறம் கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம். எங்கயும் மேடு கிடையாது, ஆத்துப் பாலத்துல ஏறி இறங்கறதுதான் ஏத்தம், அதனால கியர் சைக்கிள் வாங்கணும்னு யாராவது சொன்னா கேக்க வேணாம், உங்க லேடீஸ் சைக்கிளே போதும், நல்ல கடையில குடுத்து பேரிங்குக்கு கிரீஸ் போட்டு பிரேக் கட்டை மாத்தி வாங்கிடுங்க. நடுவுல ஒரு நாள் முடியலன்னா வழியில ஏதாவது ஊர்ல தங்கிட்டு ரெண்டு நாளாப் பிரிச்சுக்கோங்க.

சீட்ட மட்டும் நீங்களே பாருங்க. நம்ம பொம்பளைங்க எல்லாருமே உக்காந்தா ரெண்டு காலும் தரையில படணும்னு தாழ்த்தி வெச்சிருப்போம், மார்க்கெட்டுக்கு சரி, 40 கிலோமீட்டருக்கு முட்டி செத்துடும். குதிகால பெடல்ல வெச்சு பெடல் கீழ இருக்கறப்ப கால் நேரா நீளணும், அந்த உயரம்தான் சரி. நிக்கணும்னா சீட்டவிட்டு முன்னாடி இறங்கி நிக்கப் பழகிக்கோங்க, ரெண்டு நாள்ல வந்துடும். மெத்து மெத்துன்னு தலகாணி மாதிரி சீட் கவர் வாங்காதீங்க, ஒரு மணி நேரம் சுகமா இருக்கும், அப்புறம் உரசி உரசி புண்ணாயிடும். தொடை இடுக்குல கிளம்பும்போதே தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவிக்கோங்க, இதை யாரும் சொல்ல மாட்டாங்க, நான் பட்டு தெரிஞ்சுக்கிட்டது. சுடிதாருக்கு துப்பட்டா வேண்டவே வேண்டாம், சக்கரத்துல சுத்திக்கும்.

பஞ்சர் வரும், கருவேல முள்ளு ரோட்டோரமெல்லாம் கிடக்கும். உங்க சைக்கிளுக்கு கிராமத்து சைக்கிள் கடையில டியூப் கிடைச்சிடும், வால்வுக்குள்ள போடற சின்ன ரப்பர், வால்டியூப், அது கூட கிடைக்கும். அவரோடது புது மாடல்னா ஒல்லியா இருக்கிற வால்வா இருக்கலாம், அதுக்கு கடை பம்பு பொருந்தாது, அவரே ரெண்டு டியூபும் பம்பும் எடுத்துக்கணும்.

போறது தை கடைசி, மாசின்னா நல்லது, மழை முடிஞ்சிருக்கும், வெயில் ஏறியிருக்காது. அப்ப சம்பா அறுப்பு. பாதி ரோட்டுல நெல்லு காயும், தாண்டிப் போயிடலாம்னு நானும் அதுமேல ஏத்தினேன், திருவையாறு தாண்டி ஒரு இடம், நெல்லுல சக்கரம் மணல்ல போறாப்ல வழுக்குச்சு, காலால நெல்லத் துழாவிக்கிட்டிருந்த ஒரு ஆத்தா ஓடி வந்து ஹேண்டில் பாரப் புடிச்சுட்டாங்க. வைக்கோலும் கிடக்கும், அது பின்சக்கரத்துல பல்லுக்கும் செயினுக்கும் நடுவுல சுத்திக்கிட்டு வெளிய வராது. இறங்கி தள்ளிட்டே போயிடுங்க, அது அவங்க ஒரு வருஷச் சோறு, அதுமேல ஏத்தவும் கூடாது. காலைல அஞ்சரைக்குக் கிளம்பி பத்தரைக்குள்ள நிறுத்திடணும், சாயங்காலம் ஊர சுத்திப் பாக்கலாம். பாத்ரூமுக்கு பெட்ரோல் பங்கு, ரயில்வே ஸ்டேஷன் எது வந்தாலும் தேவை இல்லன்னாலும் போயிட்டு வந்துடுங்க, அதுக்குப் பயந்து தண்ணி குடிக்காம மட்டும் இருக்காதீங்க.

தெரியாத ஊர்ல என்ன ஆகுமோங்கற பயமும் உங்க லெட்டர்ல ஓரமா தெரியுது. நீங்க போற ரோட்டப் பத்தி ஒண்ணு சொல்றேன். 1930-ல ராஜாஜியோட நடந்த தொண்டர்களுக்கு சோறு போட்டா, தங்க இடம் குடுத்தா ஜெயில்னு தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்க என்ன பண்ணாங்க, சோத்துப் பொட்டலத்த ரோட்டோர மரக்கிளைல கட்டித் தொங்கவிட்டுட்டுப் போயிட்டாங்க. யார் போட்டான்னு யாரக் கேப்பாங்க? எனக்கு ஹேண்டில் பாரப் புடிச்ச ஆத்தாவும் அந்த ஊர் பக்கம்தான். ராத்திரிக்குள்ள ரூமுக்குப் போயிடுங்க, மத்தபடி ஆளுங்களப் பத்தி பயப்படாதீங்க.

மாமியார் சிரிக்கட்டும். 1897-லேயே ஃபேனி புல்லக் வொர்க்மேன்னு ஒரு அமெரிக்க அம்மா, 38 வயசு, 50 வயசு வீட்டுக்காரரோட சைக்கிள எடுத்துக்கிட்டு வந்து இந்தியாவையே சுத்திப் பாத்தாங்க, நம்ம ஊர் கோயில்களத் தேடித் தேடிப் போய். இன்னிக்கு இருக்கற ரோடு அன்னிக்கு ஏது?

திரும்பி வர்றதுக்கும் மிதிக்கணும்னு இல்ல, வேதாரண்யத்துல ஒரு குட்டியானை, அதான் சின்ன லோடு வண்டி, பேசி ரெண்டு சைக்கிளயும் ஏத்தி அனுப்பிட்டு நீங்க பஸ்ல வந்துடலாம். அதுக்கு முன்னாடி ரெண்டு மாசம், ஞாயித்துக்கிழமை தோறும் ரெண்டு பேரும் கல்லணை போயிட்டு வாங்க, நீங்க முன்னாடி. மறந்து அவர் முந்திட்டார்னா கூப்பிடாதீங்க, அங்கயே நிழல் பாத்து இறங்கி உக்காந்துடுங்க, அவரே திரும்பி வருவார். இந்தப் பதில அவர்கிட்ட படிச்சுக் காட்டுங்க, முழுசா முடியலன்னா அந்த டீக்கடை வரைக்குமாவது.