1943 கவுண்ட் பேஸி: ஸ்டூடியோ பதிவு ஏன் கிடைக்கவில்லை?

அமெரிக்க ஜாஸ் இசைக்குழுத் தலைவர் கவுண்ட் பேஸியின் 1943 பதிவில் கைதட்டல் கேட்கிறதே, அது போலியா, ஸ்டூடியோ பதிவு எங்கே என்று கேட்டிருந்தீங்க. அவருடைய இசைத்தட்டு நிறுவனமான கொலம்பியாவின் ஸ்டூடியோ பதிவைத் தேடாதீங்க, 1943க்கு அப்படி ஒன்று இல்லை. உங்ககிட்ட இருக்கிற, கைதட்டல் கேட்கிற பதிவு பெரும்பாலும் வானொலி ஒலிபரப்பிலிருந்து பிடித்தது. போலி என்று ஒதுக்க வேண்டாம்.

1942 ஆகஸ்ட் 1 முதல் பெட்ரில்லோ தலைமையிலான அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் இசைத்தட்டுப் பதிவை நிறுத்தியது. ரேடியோவில் நேரடியாக வாசிக்கத் தடையில்லை. டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனம் 1943 செப்டம்பரில் சங்கத்திடம் இறங்கிவந்தது. பேஸியை வைத்திருந்த கொலம்பியாவோ 1944 நவம்பர் வரை முரண்டு பிடித்தது. (நமக்குத்தான் நஷ்டம்!)

அறிவிப்பாளர் குரல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்க, இருந்தால் அது வானொலிப் பதிவுதான். வி-டிஸ்க் என்று போட்டிருந்தால் படைவீரர்களுக்கான தட்டு. அதற்குச் சங்கமே விலக்கு கொடுத்தது.

ஆனால் சிடி உறையில் உள்ள ஆண்டை மட்டும் நம்பாதீங்க. தடைக்கு முன் பதிந்து வைத்ததைப் பிறகு வெளியிட்டதும் உண்டு.