பழைய காரில் டிஜிட்டல் வானொலி: லண்டன் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (ஹாரோ): ஐயா, 2009ஆம் ஆண்டுத் தயாரிப்பான என் காரில் எஃப்.எம். மட்டும்தான் உண்டு. ஸ்டீரியோவை மாற்றாமல் டிஏபி என்னும் டிஜிட்டல் வானொலி கேட்க முடியுமா?

பதில்: முடியும். அதற்கெனத் தனி அடாப்டர்கள் விற்கின்றன. ஸ்டீரியோவில் ஆக்ஸ் துளை (வெளிக் கருவியின் ஒலியைக் கம்பி வழியே வாங்கும் துளை) இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் அதிலேயே இணையுங்கள். ஒலி சுத்தமாக இருக்கும். ஆக்ஸ் இல்லையென்றால், ஏரியல் கம்பிக்கும் ஸ்டீரியோவுக்கும் நடுவே பொருத்தும் எஃப்.எம். மாடுலேட்டர் நல்லது; அடாப்டரின் ஒலியை அது கம்பி வழியே ஒரு எஃப்.எம். நிலையம் போல ஸ்டீரியோவுக்குக் கொடுக்கும். அதே ஒலியைக் கம்பியில்லாமல் காற்றில் அனுப்பும் சிறு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரைக் கடைசியாகத்தான் சொல்வேன். பிரிட்டனில் 2006 டிசம்பர் முதல் அதற்குச் சட்ட அனுமதி உண்டு. ஆனால் ஆற்றல் வரம்பு வெறும் 50 நானோவாட். லண்டனில் எஃப்.எம். முழுக்க நிலையங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. ஒரு தெருவில் காலியாக இருந்த அலைவரிசையில் அடுத்த தெருவில் வேறொருவர் பேசுவார்.

கேள்வி (குரோய்டன்): கண்ணாடியில் ஒட்டும் ஏரியல் போட்டேன். வண்டி ஓடத் தொடங்கியதும் ஒலி விட்டுவிட்டு வருகிறது. அடாப்டர் பழுதா?

பதில்: பெரும்பாலும் அடாப்டர்மேல் தவறு இருக்காது; ஏரியலைப் பாருங்கள். அதனுடன் வரும் சிறு உலோகப் பட்டையைக் கண்ணாடியோரத் தூணின் பிளாஸ்டிக் உறைமேல் ஒட்டிவிடுகிறார்கள். உறைக்குள் இருக்கும் கார் உடலின் உலோகத்தில்தான் அதை ஒட்ட வேண்டும். இந்த உலோக இணைப்பு, அதாவது எர்த், சரியில்லாவிட்டால் ஏரியல் பாதி வேலைகூடச் செய்யாது. அந்தத் தூணுக்குள் ஏர்பேக் இருந்தால், கம்பி அதற்குப் பின்னால் போக வேண்டும். முன்னால் போனால் ஏர்பேக் விரிவதைத் தடுக்கும். இதில் சிறிதும் சந்தேகம் இருந்தால் தொழில் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

வெயில் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள முன்கண்ணாடி என்றால், உள்ளே ஒட்டும் ஏரியல் சரிப்படாது. கூரை ஏரியல்தான் வழி. டேஷ்கேமரா, யுஎஸ்பி சார்ஜர் ஆகியவற்றையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். மலிவான சார்ஜர்களின் மின்னிரைச்சல் டிஏபி இயங்கும் 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸ் பகுதியைக் கெடுத்துவிடும். எஃப்.எம். பலவீனமானால் இரைச்சலோடாவது கேட்கும். டிஏபி சட்டென ஊமையாகிவிடும். அதனால்தான் அடாப்டரைவிட ஏரியலுக்குச் செலவழியுங்கள் என்கிறேன்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): பழைய அடாப்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: டிஏபியின் புதிய வடிவமான டிஏபி பிளஸ் வசதி இருந்தால் மட்டும். பழைய டிஏபி ஒலியை எம்பி2 என்னும் முறையில் சுருக்குகிறது. டிஏபி பிளஸ், ஏஏசி என்னும் வேறு முறையில் சுருக்குகிறது. பழைய கருவிக்கு அது புரியாது.

கேள்வி: இதையே சென்னையில் உள்ள அண்ணன் காரில் பொருத்தலாமா?

பதில்: பயனில்லை. அகில இந்திய வானொலி தேர்ந்தெடுத்தது டிஆர்எம் என்னும் வேறு டிஜிட்டல் வானொலி முறை. பெரும்பாலும் மத்திய அலையில் வருவது. அதற்குத் தனி ரிசீவர் வேண்டும்.

கேள்வி (ஹாரோ): எஃப்.எம்.மை நிறுத்திவிடுவார்களா? அவசரமாக வாங்க வேண்டுமா?

பதில்: நார்வே 2017இல் தேசிய நிலையங்களை எஃப்.எம்.மிலிருந்து எடுத்துவிட்டது. பிரிட்டனிலோ, குறைந்தது 2030 வரை எஃப்.எம். தொடர வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு ஆய்வறிக்கை பரிந்துரைத்தது. அவசரம் வேண்டாம், நல்ல ஏரியலோடு சேர்த்து வாங்கும்வரை பொறுத்திருங்கள்.