கடலூர் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேரலாமா?

கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு கிடைத்திருக்கிறது, "அதைப் படித்து என்ன கிழிக்கப் போகிறாய்" என்று வீட்டில் கேட்கிறார்கள், சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் சேருங்கள். அதே கல்லூரியில் அதே பாடம் படித்தவள் நான். குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்யும் குடும்பம். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் பொறியியலுக்கு முன்பணம் கட்டச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருப்பார். எங்கள் வீட்டில் அது பெரியப்பா.

கல்லூரி இருப்பது தேவனாம்பட்டினத்தில். பக்கத்திலேயே செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சம் இருக்கிறது. முதலாண்டில் எங்கள் பேராசிரியர் வகுப்பையே அங்கு நடக்கவைத்துக் கூட்டிப்போனார். 1690இல் ஆங்கிலக் கம்பெனி அந்தக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. நிலம் எதுவரை? பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை. அப்படிக் கைமாறிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். கடலூரே அதில் அடக்கம். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், இந்தக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடம் இங்கே வந்தது. 1758இல் புதுச்சேரியிலிருந்து படையோடு வந்த பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். நாள்தோறும் பஸ்ஸில் கடந்துபோன இடத்தில் இவ்வளவு நடந்திருக்கிறது என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

அந்த ஆண்டுவிழாவுக்கு அதையே தெருக்கூத்தாகப் போட்டோம். எங்கள் ஊர்ப்பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர் மாலை நேரங்களில் வந்து அடவு சொல்லிக்கொடுத்தார். மேடைக்கு வருகிறவர்களைக் கேள்வி கேட்டு அறிமுகப்படுத்தும் கட்டியங்காரன் வேடம் எனக்கு. "பெண்பிள்ளைக்கு அது ஒத்துவராது" என்று சிலர் சொன்னார்கள். வாத்தியார் என் குரலைக் கேட்டுவிட்டு, "இந்தப் பெண்தான்" என்று முடித்துவிட்டார். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் கம்பெனி துரை வந்து நிற்கிறான். திரைக்கு மேலே தொப்பி மட்டும் தெரிகிறது. "ஐயா, தாங்கள் யார், எந்த தேசம், எதற்காக இந்தச் சபைக்கு வந்தீர்கள்?" என்று நான் கேட்க வேண்டும். துரை பதில் சொல்லாமல் காலால் மூன்று தட்டுத் தட்டுவான். ஒவ்வொரு தட்டுக்கும் மிருதங்கம் வெடிக்கும், ஒவ்வொரு வெடிக்கும் ஓர் ஊரின் பெயரை நான் கூவ வேண்டும். திரையாகப் பிடித்தது அப்பா தறியில் நெய்து கொடுத்த துணி. முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்த அப்பா வீட்டுக்கு வந்ததும், "துணி வாங்கத்தானே வந்தார்கள்?" என்று கேட்டார். அதற்குப் பதில் தேடித்தான் நான் நூலகமே போக ஆரம்பித்தேன்.

தேடியபோது கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். கோட்டையை வாங்கியபோது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். 1718இல் அவர் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு ஒன்பது பொதிச் சரக்கும், 417 புத்தகங்களும், மன்னர் முதலாம் ஜார்ஜின் படமும் அனுப்பினார். பொதிகளில் மஸ்லின், காலிகோ துணிகளும் இருந்தன. சரக்கை விற்ற பணத்துக்கு நன்றியாகக் கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். இந்தக் கரையில் துணியும் வைரமும் வாங்கி விற்றுச் சேர்த்த செல்வத்தின் ஒரு துளி அங்கே கலையும் இலக்கியமும் வளர்த்தது. அந்தத் துணியை நெய்த கரையில் பிறந்த பெண் வரலாறு படித்தால் மட்டும் வீண் செலவாம்!

"உனக்கு ஆசிரியர் வேலை கிடைத்துவிட்டது, அதனால் பேசுகிறாய்" என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். பி.எட். முடித்து, தகுதித்தேர்வு எழுதி, பல ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய வேலை அது. என்னோடு படித்தவர்களில் கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார், நாளிதழில் இருப்பவர் இருக்கிறார், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவரும் இருக்கிறார். எல்லோருக்கும் அரசு வேலை கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. பொறியியல் படித்த எல்லோருக்கும் கிடைத்துவிட்டதா என்ன?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். என் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் பி.இ. என்று அச்சடித்திருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் எம்.ஏ., பி.எட். இல்லை. அச்சகத்துக்கு எழுதிக்கொடுத்த பெரியப்பா, "அதெல்லாம் எதற்கம்மா, இடம் போதவில்லை" என்றார். தாய்மாமன்கள் அத்தனை பேர் பெயருக்கும் இடம் இருந்தது. இன்றுவரை எனக்கு அந்தக் கோபம் தீரவில்லை.

பணம்தான் தயக்கம் என்றால், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம். சேர்ந்ததும் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் படித்த சிலர் ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று போட்டு, கட்ட முடியாத பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டி வருகிறோம். யார் பெயரையும் எங்கும் எழுதி வைப்பதில்லை. அப்படி ஒரு நெருக்கடி வந்தால் துறை ஆசிரியரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள், எங்களுக்குத் தகவல் வந்துவிடும்.