சிறுநீரகம் தந்த தம்பியும் வான் தவணையும்

கேள்வி: என் கணவர் செட்டியார் தெருவில் நகைப் பட்டறையில் வேலை செய்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய தம்பி சிறுநீரகம் கொடுத்தார். அந்தச் சிறுநீரகத்தைக் காக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினொலேட், பிரெட்னிசொலோன் என்ற மருந்துகள் எடுக்கிறார். கை நடுங்குவதால் கல் பதிக்க முடியவில்லை, பொலிஷ் வேலைதான். சம்பளம் 55,000 ரூபாய். இரத்தத்தில் சீனியும் கூடிவிட்டது. என் தையலில் 40,000 வரும். தம்பியின் வான் வண்டிக்கான லீசிங் தவணை, மாதம் 36,000 ரூபாயை, எட்டு மாதமாக நாங்கள்தான் கட்டுகிறோம். சத்திரசிகிச்சை நேரத்துக் கடனும் சேர்த்து நகை அடகு ஆறு இலட்சம், மாத வட்டி 9,000. கிளினிக்கில் மருந்து இல்லாத மாதம் வெளியில் வாங்கக் கட்டாது என்று இரவுக் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார். முதலீட்டோடு சேர்ந்த காப்புறுதி ஒன்றில் சேரச் சொல்கிறார் ஒரு ஏஜென்ட். சேரலாமா?
- கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: சகோதரி, சேர வேண்டாம். ஏற்கெனவே உள்ள நோயைப் பெரும்பாலான காப்புறுதிகள் ஏற்காது. ஏற்பதாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள், ஏஜென்டின் குரல் மாறும். முதலீடு சேர்ந்த திட்டங்களில் முதல் சில வருடப் பணத்தில் நல்ல பங்கு கட்டணமாகவே போய்விடும். இந்தப் பேச்சு இத்தோடு போதும்.

எனக்குப் பயம் தருவது அந்த இரவுக் குளிசை. உடம்பு புதுச் சிறுநீரகத்தை எந்த நேரமும் அந்நியமாகத்தான் பார்க்கும். அதை அடக்கி வைப்பது இந்த மருந்துகள். விட்டுவிட்டுப் போட்டால், வெளியே ஒரு அறிகுறியும் தெரியாமலே சிறுநீரகம் பழுதாகலாம். பிறகு டயலிசிஸ், அதாவது மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்வது, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணித்தியாலம் போல. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம் என்றாலும் அந்த நாட்களின் சம்பளம் போகும், கூடப் போகிற உங்கள் தையலும் போகும்.

நடுக்கம் டாக்ரோலிமஸால் வரக்கூடியது. சீனி அதனாலும் வரும், பிரெட்னிசொலோனாலும் வரும். இரண்டையும் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், குளிசை விட்டதையும் சேர்த்து. காலைக் குளிசைக்கு முன் இரத்தம் எடுத்து மருந்தின் அளவைப் பார்ப்பார்கள். விட்டதை மறைத்தால் அந்த அளவை வைத்து மருந்தைக் கூட்டிவிடுவார்கள், நடுக்கமும் கூடும். உள்ளதைச் சொன்னால் டோஸைச் சரிபார்க்க வழி இருக்கும். கை நடுக்கம் கொஞ்சம் குறைந்தாலும் கல் பதிக்கும் கூலி திரும்ப வரலாமே. வெளியில் வாங்கும்போது கம்பனி மாறினால் அதையும் டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது.

இனிக் கணக்கு. வருமானம் 95,000. லீசிங்கும் வட்டியுமாக 45,000, கிட்டத்தட்டப் பாதி. மீதி ஐம்பதில் கொழும்பில் வாடகை, சாப்பாடு, மருந்து. குளிசையைத் தின்பது இந்தத் தவணைதான்.

சிறுநீரகம் தந்தவரிடம் எப்படி இல்லை என்பது? புரிகிறது. ஆனால் அண்ணன் குளிசையை விடுவது அவருக்குத் தெரியுமா? கடிதத்தில் இல்லை. தெரியாது என்றே நினைக்கிறேன். தெரிந்தால் அவரே இந்தத் தவணையை வாங்கமாட்டார். இதைக் கணவர்தான் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் அண்ணி கணக்குப் பார்க்கிறாள் என்று ஆகிவிடும்.

சொன்ன கையோடு இருவரும் லீசிங் கம்பனிக்குப் போகட்டும். தவணை தவறுமுன் போனால் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கக் கேட்கலாம். வான் ஓட்டம் இல்லையென்றால் விற்று மீதியைத் தீர்ப்பது நல்லது. உங்கள் கணவர் பிணைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்பதை முதலில் பாருங்கள். போட்டிருந்தால் சும்மா கட்டாமல் விட முடியாது, கம்பனி உங்கள் வாசலுக்கும் வரும்.

நகையில் தாலிக்கொடியை விட்டு, அடகில் உள்ளதில் சிலதை மீட்டு விற்று மற்றக் கடனை அடையுங்கள். உங்களுக்கு மனம் வராது, தெரியும். ஆனாலும் வருடத்துக்கு 1,08,000 ரூபாய் வட்டி கட்டிப் பெட்டகத்தில் பூட்டி வைத்த காப்பை யார் போடப் போகிறார்கள்?

அப்புறம் மிஞ்சும் முதல் பணத்தில் ஒரு மாதக் குளிசை கூடுதலாக வாங்கி வையுங்கள். நிலையான வைப்பெல்லாம் அதற்குப் பிறகு. கிளினிக்கில் புதுசு கிடைக்கும்போது பழையதை முதலில் எடுத்து, காலாவதித் திகதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.