27 வருடம் கழித்து மறுபடி குதிரை: ஏறலாம், ஆனால் எதை வாங்குவது?

வாசகர் கேள்வி: எனக்கு 47 வயது. 12 வயதில் தொடங்கி 20 வயது வரை குதிரை ஏறினேன். அப்புறம் படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று 27 வருடம் குதிரைப் பக்கமே போகவில்லை. இப்போது மறுபடி ஏற வேண்டும் போல் இருக்கிறது. சொந்தமாக ஒன்று வாங்கவும் ஆசை. தெரிந்தவர் ஒருவர் 4 வயது ஆண் குதிரையைக் குறைந்த விலைக்குத் தருகிறார். "இப்போதுதான் பழக்குகிறோம், நீங்களும் அதுவும் சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம்" என்கிறார். முழங்கால் கொஞ்சம் வலிக்கும், மற்றபடி ஆரோக்கியமாக இருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: தாராளமாக ஏறுங்கள். அந்தக் குதிரையை மட்டும் வாங்காதீர்கள். சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம் என்று விற்பவர் சொன்னாரே, அந்த ஒரு வார்த்தைக்காகவே வேண்டாம் என்கிறேன். இருவரில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது குதிரையாக இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. குதிரை சாதாரணமாக 25 முதல் 30 வருடம் வாழும். இந்தக் குதிரை 28 வரை இருக்கும் என்று வைத்துக்கொண்டால் இன்னும் 24 வருடம். அப்போது உங்களுக்கு 71. அதன் மேல் நிம்மதியாகச் சவாரி செய்ய முடிவது பெரும்பாலும் அதற்கு 20, 22 வயது ஆகும் வரைதான். மீதி ஆறு முதல் எட்டு வருடம் அது நிற்கும், தின்னும், பல் தேயும், மருத்துவர் வந்து போவார். நீங்கள் அதன் முதுமையையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். விற்பவர் அதைச் சொல்ல மாட்டார். அவர் காட்டுவது பளபளக்கும் தோலையும் பிடரியையும்தான்.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். எனக்கு இப்போது 61. 14 வயதில் என்னை முதலில் சுமந்தது 19 வயதுப் பெட்டைக் குதிரை, பயிற்சிக்கூடத்துடையது. நான் தப்பாகக் கேட்டால் அசையாமல் நிற்கும், சரியாகக் கேட்டால் நடக்கும். அவ்வளவுதான் அதன் பாடத்திட்டம். அதன் அருமை அப்போது தெரியவில்லை. 30 வயதில் கையில் கொஞ்சம் காசு வந்ததும் மூன்றரை வயதுக் குட்டியை வாங்கினேன். நான்காவது மாதம், வேலியோரம் ஒரு பிளாஸ்டிக் தாள் காற்றில் படபடத்தது. குதிரை ஒரு கணம் நின்று காதை முன்னால் நீட்டியது. என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்ட கணம் அது. நானோ பயந்துபோய் முழங்காலால் இறுக்கி, கடிவாளத்தைப் பிடித்து இழுத்தேன். மேலே இருப்பவனே இப்படி நடுங்கினால் ஆபத்து நிச்சயம் என்று அது முடிவு கட்டிவிட்டது. எனக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது, ஆறு வாரம் கட்டு. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, அன்றைக்கு அது இன்னொன்றும் கற்றுக்கொண்டது: துள்ளினால் முதுகுப் பாரம் இறங்கிவிடும். அதை மறக்கடிக்க ஒரு நல்ல பயிற்சியாளருக்கு எட்டு மாதம் ஆனது. பிறகு அவரிடமே கொடுத்துவிட்டேன். அவரிடம் அது தங்கமாக இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்தல்.

குதிரை இரையாகும் மிருகம். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறத்தாழ 350 பாகை சுற்றளவுக்குப் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும்தான் தெரியாது. முதலில் ஓடு, அப்புறம் யோசி என்பது அதன் உடம்பிலேயே ஊறியது. வயதும் அனுபவமும் அந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றும், அதுவும் பொறுமையான கைகளில் வளர்ந்தால். 4 வயதில் உடம்பே இன்னும் முடியவில்லை. முதுகெலும்பின் வளர்ச்சித் தகடுகள் மூடுவதற்கு ஐந்தரை, ஆறு வயது ஆகும். அப்படிப்பட்ட முதுகில், 27 வருடம் கழித்து வந்த ஒருவர் ட்ராட்டில் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட துள்ளோட்டம்) தொப் தொப்பென்று உட்கார்ந்து எழுந்தால் அது எதைக் கற்றுக்கொள்ளும்? சவாரி என்றால் வலி என்பதைத்தான்.

அப்படியானால் எந்த வயது? 10 முதல் 15. ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் குதிரையோடு தடை தாண்டினார். அடுத்து அவர் ஒலிம்பிக்கில் இறங்கியது 44 வருடம் கழித்து, 2008இல், குதிரையை நளினமாக நடத்திக் காட்டும் டிரஸ்ஸாஜ் பிரிவில். 2012 லண்டனிலும் வந்தார், அப்போது அவருக்கு 71. அங்கே அவர் ஏறிய விஸ்பர் என்ற பெட்டைக் குதிரைக்கு 15 வயது. 2020இல் 94 வயது எலிசபெத் அரசி சவாரி செய்யும் படம் வந்ததே, அந்த மட்டக்குதிரைக்கு 14 வயது. உலகத்தில் எந்தக் குதிரையையும் வரவழைக்கக்கூடியவர் ஏறியது அதில்தான். உங்களுக்கும் காயடித்த ஆண் குதிரையோ நிதானமான பெட்டையோ போதும். நீங்கள் சொல்லும் 4 வயது ஆண், காயடிக்காததாக இருந்தால் பேச்சையே அங்கே நிறுத்திவிடுங்கள்.

வயதை வாய்வார்த்தையாகக் கேட்டு நம்ப வேண்டாம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். குதிரை விஷயத்தில் எனக்கு இதில் உடன்பாடே இல்லை. சும்மா கொடுக்கும் குதிரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சும்மா கொடுக்க ஏதோ ஒரு காரணம் இருக்கும். மேல்தாடையின் ஓரத்து முன்பல்லில் சுமார் 10 வயதில் ஈறோரம் ஒரு பழுப்புக் கோடு தோன்றும். 15இல் பாதிப் பல் வரை இறங்கும், 20இல் அடிவரை வரும், அப்புறம் மேலிருந்து மறையத் தொடங்கும். இரண்டு மூன்று வருடம் முன்பின் இருக்கலாம், ஆனால் 12 என்று சொல்லி 20ஐத் தலையில் கட்டுவதைப் பிடித்துவிடலாம்.

பார்க்கப் போகும்போது, நான் வரும் வரை சேணம் போடாமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே போய்விடுங்கள். போனதும் வயிற்று வார் கட்டும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். வியர்வை காய்ந்து முடி ஒட்டியிருந்தால், துள்ளலைத் தீர்க்க உங்களுக்கு முன்பே ஓட்டிவிட்டார்கள். திடலில் விட்டிருக்கும் குதிரையை அவர்கள் எப்படிப் பிடிக்கிறார்கள், கால் தூக்கச் சொன்னால் தூக்குகிறதா, சேணம் வைக்கும்போது காதைப் பின்னால் சாய்க்கிறதா என்று பாருங்கள். முதலில் விற்பவரே ஏறிக் காட்டட்டும். அவர் ஏற மறுக்கும் குதிரையில் நீங்கள் ஏன் ஏற வேண்டும்? வேறு வேறு நாளில் மூன்று முறை போங்கள். கடைசியில், விற்பவருக்கு வேண்டியவராக இல்லாத ஒரு கால்நடை மருத்துவரை அழைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலையும் ஒரு நிமிடம் போல மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ட்ராட்டில் ஓடவிட்டுப் பார்ப்பார், மூட்டில் ஒளிந்திருக்கும் நொண்டல் அப்போது தெரியும். ரத்தமும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள், வலி மருந்தோ மயக்க மருந்தோ கொடுத்திருந்தால் பின்னால் தெரியவரும். குறையே இல்லாத குதிரை குதிரைக்கொம்புதான். நீங்கள் சமாளிக்கக்கூடிய குறையா என்பதுதான் கேள்வி. உங்கள் எடையும் சேணத்தின் எடையும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. நான் அதற்கும் கீழேதான் நிற்பேன்.

ஆனால் இதெல்லாம் உடனே வேண்டாம். முதல் ஆறு மாதம் வேறொருவருடைய குதிரையில் பாதிப் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாள் உங்களுடையது, அந்த மூன்று நாளின் வேலையும் செலவும் உங்களுடையது. பலர் குதிரை வாங்கும் செலவை மட்டும் கணக்குப் போடுகிறார்கள். அது கல்யாணச் செலவு மாதிரி, ஒரு நாளில் முடிந்துவிடும். குடித்தனச் செலவு அப்புறம்தான் இருக்கிறது. 400 கிலோ குதிரைக்குத் தினமும் 6 முதல் 8 கிலோ காய்ந்த புல், 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். அதன் இரைப்பை சின்னது, தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் மணிக்கணக்கில் வெறும் வயிற்றோடு நிறுத்தினால் புண் வரும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்டி லாடம் மாற்ற வேண்டும், வருடம் ஒருமுறை பல் அராவ வேண்டும், தடுப்பூசி, குடற்புழு மருந்து. தனியாக வைக்கவும் முடியாது, கூட்டத்து மிருகம், துணை இல்லாவிட்டால் வாடிவிடும். நீங்கள் வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்கினால், குதிரை மேல் இருப்பது அதில் நாலு மணி நேரம் இருந்தால் பெரிது. அந்த மிச்ச ஆறு மணி நேரம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது பாதிப் பங்கிலேயே தெரிந்துவிடும்.

என்னுடைய கடைசிக் குதிரையை 46 வயதில் வாங்கினேன். காயடித்த ஆண், அப்போது அதற்கு 13. இப்போது 28. ஏழு வருடமாக அதன் மேல் யாரும் ஏறுவதில்லை. இரண்டு வருடம் முன்பு ஒருநாள் காலை, தீனித் தொட்டிக்குக் கீழே கட்டை விரல் பருமனில் ஈரமான உருண்டைகள் கிடந்தன. எடுத்துப் பிரித்தால் புல், பாதி மென்று, கயிறு திரித்த மாதிரி. கடைவாய்ப் பல் தேய்ந்து மெல்ல முடியாமல் துப்பியிருக்கிறது. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. மெல்லாமல் விழுங்கியது தொண்டையில் அடைக்கலாம், குடலில் கட்டி வயிற்றுவலியாகலாம். குதிரைக்கு வயிற்றுவலி என்றால் உயிர் போகும் விஷயம். அன்றிலிருந்து அரைத்த புல் வில்லைகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக, ஒரு நாளைக்கு நாலு வேளை. இரவு வேளைக்குப் போகும்போது தாடையெலும்புக்கு அடியில் விரலை வைத்து நாடி பார்ப்பேன். நிமிடத்துக்கு 36 துடிப்பு, சில நாள் 38. சும்மா நிற்கும்போது 28 முதல் 44 வரை சாதாரணம், 60ஐத் தாண்டினால் அப்போதே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். 4 வயதுக் குதிரையை வாங்கினால் உங்களுக்கும் இந்த வேலை வரும், உங்களுடைய 70 வயதை ஒட்டி. 12 வயதுக் குதிரை என்றால் 60ஐ ஒட்டி வரும். வாளியைத் தூக்குவதற்கு அந்த எட்டு வருட வித்தியாசம் பெரிது.

சரி, இப்போது உங்கள் உடம்பு. பழகினது உடம்புக்கு மறக்காது என்பார்கள், பாதிதான் உண்மை. ட்ராட்டின் தாளத்துக்கு எழுந்து உட்காருவது இரண்டாவது வகுப்பிலேயே திரும்பி வந்துவிடும். உள்தொடையின் பலம், இடுப்பின் நெகிழ்வு, விழும்போது சுருண்டு விழும் சுறுசுறுப்பு எல்லாம் போயிருக்கும். அதனால் எனக்கு உங்களுடைய முதல் வகுப்பைப் பற்றிப் பயமில்லை. ஐந்தாவது வகுப்புதான் பயம். அப்போது மனசு 20 வயதுக்குப் போய்விடும், உடம்பு 47இலேயே நிற்கும். முதல் பத்து வகுப்புக்குக் கேண்டரே (ட்ராட்டைவிட வேகமான ஓட்டம்) வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். முதல் சில வகுப்பு, பயிற்சியாளர் நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட்ட, கடிவாளம் பிடிக்காமல் உட்கார்ந்து பழகுங்கள். கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கியே சமநிலை காக்கும் பழக்கம் வராமலிருக்க வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

முழங்கால் வலிக்கு, அங்கவடியை (சேணத்தில் தொங்கும், பாதம் வைக்கும் வளையம்) வாரில் ஒரு துளை நீளமாக்கிப் பாருங்கள். குட்டையாக இருந்தால் மூட்டு அதிகம் மடங்கும். முழங்காலால் சேணத்தைக் கவ்வுகிறீர்களா என்று பயிற்சியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள், வலி அதனாலும் வரலாம். தரையிலிருந்து தாவி ஏற வேண்டாம், மேடை வைத்து ஏறுங்கள், குதிரையின் முதுகுக்கும் அதுதான் நல்லது. இறங்கும்போதும் மேடை மேலேயே இறங்குங்கள். அந்த உயரத்திலிருந்து தொப்பென்று குதிப்பதுதான் முழங்காலுக்கு எமன். அதற்கப்புறமும் வலித்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய தலைக்கவசம் அலமாரியில் இருந்தால் எறிந்துவிடுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் அது, ஒருமுறை பலமாக அடிபட்டாலும் போச்சு. காலணியில் சின்னக் குதிகால் இருக்கட்டும், பாதம் அங்கவடிக்குள் நழுவிப் போய் மாட்டிக்கொள்ளாது.

அந்தத் தெரிந்தவரிடம், குதிரை நன்றாக இருக்கிறது, நான்தான் அதற்குத் தயாராக இல்லை என்று சொல்லிவிடுங்கள். மனஸ்தாபம் வராது. பிறகு பக்கத்தில் உள்ள பயிற்சிக்கூடத்துக்குப் போய், இருப்பதிலேயே வயதான, சோம்பேறியான குதிரையைக் கேளுங்கள். முதல் நாள் அரை மணி நேரம் போதும், இன்னும் கொஞ்சம் என்று ஆசையாக இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். மறுநாள் காலை மாடிப்படி ஏறும்போது தொடை இரண்டும் என் பேரைச் சொல்லித் திட்டும். திட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போங்கள்.